பதினோராவது இடத்தில் இருந்த ‘இருவர்’: மணிரத்னம் படங்களை நாம் வரிசைப்படுத்தும் விதம்

2002 பிப்ரவரி. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய இரவில் நாங்கள் நாலு பேர் தூங்கவில்லை. திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலம். யாரோ ஒருவன் ரெக்கார்ட் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்தான். மணிரத்னம் படங்களுக்கு ரேங்க் போடுவது என்று முடிவானது.

“தளபதிய மூணாவதுல போட்டீங்கன்னா நான் வேற ரூமுக்குப் போயிருவேன்டா.”

“மொதல்ல நாயகன் ஒண்ணுன்னு எழுது மாப்ள. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

விடிகாலை மூன்று மணிக்குப் பட்டியல் முடிந்தது. நேரடித் தமிழ்ப் படங்கள் மட்டும், மொத்தம் 13. முதலிடம் ‘நாயகன்’, இரண்டாவது ‘தளபதி’, மூன்றாவது ‘மௌன ராகம்’. அன்று பார்த்துவிட்டு வந்த படம் நாலாவது. ‘இருவர்’ பதினோராவது இடத்தில் கிடந்தது. அதற்குக் கீழே ‘பகல் நிலவு’, ‘இதய கோவில்’ இரண்டு மட்டும்தான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு மணிரத்னம் ரசிகர்கள் பத்துப் பேரைக் கூட்டிவைத்து இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேராவது ‘இருவர்’ முதலிடம் என்பார்கள். மீதிப் பேரும் அதை மூன்றாவது இடத்துக்குக் கீழே இறக்கத் தயங்குவார்கள். படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. அப்படியானால் எது மாறியது? இருபது வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

தமிழ்நாட்டில் சினிமா விவாதம் என்றால் வெகுகாலம் அது நடிகர் விவாதம்தான். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்தது, ரஜினியா கமலா என்று தொடர்ந்தது. ‘ஸ்ரீதர் படம்’, ‘பாலசந்தர் படம்’ என்று இயக்குநர் பெயரைச் சொல்லித் தியேட்டருக்குப் போனவர்கள் இருந்தார்கள். 1977-லிருந்து 1979 வரை ‘16 வயதினிலே’, ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ என்று வரிசையாக வந்தபோது பாரதிராஜா, மகேந்திரன் பெயர்களும் அப்படிச் சொல்லப்பட்டன. ஆனால் ஓர் இயக்குநரின் எல்லாப் படங்களையும் எடுத்துவைத்து, இது மேலே அது கீழே என்று மல்லுக்கட்டும் பழக்கம் எங்கள் தலைமுறையில் மணிரத்னத்தை வைத்துத்தான் வேர்பிடித்தது. காரணம் இருக்கிறது. 1983-லிருந்து 1993 வரை ஒரு வருடம் தவறாமல் அவருடைய படம் வந்தது. பதினோரு வருடத்தில் பன்னிரண்டு படங்கள். ஒன்று பம்பாய்த் தாதா, அடுத்தது அண்ணன் தம்பிச் சண்டை, அதற்கடுத்தது சாகப்போகிற இருவரின் காதல், அப்புறம் ஒரு சின்னக் குழந்தை. ஒவ்வொன்றும் வேறுவேறு முகம் என்பதால் ஒப்பிட்டே ஆகவேண்டியிருந்தது. 2004-க்குப் பிறகோ 2007, 2010, 2013 என்று மூன்று வருடத்துக்கு ஒரு படம். அந்த இடைவெளிகளில் ரசிகனுக்குப் பழைய படங்களைத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பட்டியல்கள் இறுகியதும் குலைந்ததும் அந்த இடைவெளிகளில்தான்.

எத்தனை படம் என்பதிலேயே முதல் சண்டை வரும். கன்னடத்தில் எடுத்த ‘பல்லவி அனுபல்லவி’யில் தொடங்கி 2025-ல் வந்த ‘தக் லைஃப்’ வரை எண்ணினால் 27. ‘ஆய்த எழுத்து’, ‘ராவணன்’ இரண்டின் இந்தி வடிவங்களைத் தனியாகச் சேர்த்தால் 29. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகத்தையும் ஒரே படமாகக் கொண்டால் ஒன்று குறையும். தெலுங்குப் படமான ‘கீதாஞ்சலி’யை ‘இதயத்தைத் திருடாதே’ என்ற டப்பிங் வழியாக மட்டுமே பார்த்தவர்கள் அதற்கு ரேங்க் போடலாமா? எங்கள் விடுதித் தாளில் கூடாது என்று தீர்ப்பானது. இன்று நினைத்தால் அநியாயமாகப் படுகிறது. அந்தப் படத்தின் பாட்டுகள் ஒலிக்காத தமிழ்நாட்டுத் தெரு அப்போது இருந்ததா என்ன?

இந்த 27-க்குள் ஒரு கோடு ஓடுகிறது. முதல் பத்துப் படங்களுக்கும் இளையராஜா இசை. 1992-ல் ‘ரோஜா’ தொடங்கி மிச்சம் பதினேழுக்கும் ஏ.ஆர்.ரஹ்மான். ஒரு படம்கூட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலக்கவில்லை. கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பட்டியல்களின் ரகசியம் விளங்கிவிடும். ‘மௌன ராகம்’தான் முதலிடம் என்று ஒருவர் சொன்னால் அவர் ரேவதியைப் பற்றியும் திரைக்கதையைப் பற்றியும்தான் பேசுவார். கொஞ்சம் கிளறினால் “மன்றம் வந்த தென்றலுக்கு” வந்துவிடும். ‘அலைபாயுதே’யை உச்சியில் வைப்பவரிடமும் இதே கதைதான், அவருடைய கல்லூரி வருடம் 2000-ஐ ஒட்டி இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்ப் படத்தை இசையிலிருந்து பிரித்தெடுத்துப் பார் என்று யாரும் நம்மை வளர்க்கவில்லை. ‘இதய கோவில்’ எல்லோர் பட்டியலிலும் கடைசியில் நிற்கும் படம். ஆனால் அதில் வரும் “நான் பாடும் மௌன ராகம்” கேட்டால் பட்டியல் போட்டவனே கண்ணை மூடிக்கொள்வான். அடுத்த வருடம் வந்த படத்தின் தலைப்பே அந்தப் பாட்டு வரியில் இருப்பதைக் கவனித்தவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் இனிக்கும்.

ஒளிப்பதிவாளரை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. அவர்கள் கொஞ்சம் முற்றிய ரசிகர்கள். “பி.சி. காலம்”, அதாவது பி.சி.ஸ்ரீராம் காலம் என்றால் ‘மௌன ராகம்’, ‘நாயகன்’, ‘அக்னி நட்சத்திரம்’. சந்தோஷ் சிவன் என்றால் ‘தளபதி’, ‘ரோஜா’, ‘இருவர்’. இருட்டில் எடுக்கிறார், ஆட்கள் இரண்டிரண்டு வார்த்தையில் பேசுகிறார்கள் என்று அந்தக் காலத்தில் பலர் குறைப்பட்டுக்கொண்டதையே இவர்கள் முதல் தகுதியாக எடுத்துவைப்பார்கள். வசனத்தை வைத்துப் பிரிப்பவர்கள் சுஜாதாவிடம் வந்து நிற்பார்கள். ‘ரோஜா’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘ஆய்த எழுத்து’ ஆகியவற்றின் வசனத்தில் அவர் கை இருந்தது. 2008-ல் அவர் மறைந்த பிறகு வந்த படங்கள் பெரும்பாலான பட்டியல்களில் கீழ்ப்பாதியில்தான் இருக்கின்றன. சுஜாதா இல்லாததே காரணம் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ‘கடல்’ படத்துக்குக் கதை எழுதியவர் ஜெயமோகன். அந்தப் படத்தின் சிக்கல் வசனத்தில் இல்லை, இரண்டாம் பாதி தன் கனத்தைத் தாங்கவில்லை என்பதில் இருக்கிறது.

சரி, முதலிடச் சண்டைக்கு வருவோம். ‘நாயகன்’ என்றும் ‘தளபதி’ என்றும் பிரியும்போது பழைய ரஜினி-கமல் வழக்குதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது என்று தோன்றும். கொஞ்சம் உண்மைதான். ஆனால் விவாதம் சூடாகும்போது நல்ல விஷயங்கள் வெளியே வரும். ‘நாயகன்’ கட்சியினரிடம் சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன. கமல்ஹாசன், பி.சி.ஸ்ரீராம், கலை இயக்குநர் தோட்டா தரணி மூவருக்கும் தேசிய விருது. 2005-ல் டைம் இதழ் வெளியிட்ட உலகின் சிறந்த நூறு படங்களில் இடம். அந்த நூறு பேர் பந்தியில் நம் ஊர்ப் படம் ஒன்று உட்கார்ந்தது பலருடைய பட்டியலில் முதல் வரியைக் கல்வெட்டாக்கிவிட்டது. 2005-க்கு முன்னால் “எனக்கு நாயகன்தான் புடிக்கும்” என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு “நாயகன்தான் பெஸ்ட்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா? நானும் அப்படித்தான் மாறினேன்.

‘தளபதி’ கட்சியினருக்குச் சான்றிதழ் இல்லை, காட்சி இருக்கிறது. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். கோவில். அம்மா கல்யாணி இருக்கிறாள், அவள் கணவர் இருக்கிறார், மகன் கலெக்டர் இருக்கிறான். அதே கோவிலில், அவள் பெற்று ரயிலில் விட்ட சூர்யாவும் இருக்கிறான். யாருக்கும் யார் யார் என்று தெரியாது. தூரத்தில் ரயில் கூவுகிறது. அவள் முகம் மாறுகிறது. அவனும் அந்தச் சத்தத்தைக் கேட்கிறான். “சின்னத் தாயவள்” மெட்டு மட்டும் வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வலி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. கர்ணன் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த ஊர் நம்முடையது. குந்தி அழுது புலம்பும் இடத்தை ஒரு ரயில் சத்தத்தில் வைத்ததைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. சூரியனின் மகன் என்பதை வாயால் சொல்லாமல், சூர்யா முக்கியமான கணங்களில் நிற்கும்போதெல்லாம் சூரியனை அவனுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திய சந்தோஷ் சிவனின் வேலையையும் இந்தக் கட்சி சரியாகவே எடுத்துக்காட்டும். எந்தப் பட்டியலிலும் என் ‘தளபதி’ இரண்டுக்குக் கீழே போனதில்லை.

இனி ‘இருவர்’.

எம்.ஜி.ஆர்., கலைஞர் இருவரின் நட்பையும் பிரிவையும் சாயலாகக் கொண்ட கதை. 1997 பொங்கலுக்கு வந்தது. அப்பாவோடு போய்ப் பார்த்தேன். பண்டிகைக் கூட்டம் அந்தத் தியேட்டரில் இல்லை. அப்பா இரண்டு மணி நேரமும் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்: “இது அவரு… இந்தம்மா அவங்க… இவரு அண்ணா.” முன் வரிசையிலும் பின் வரிசையிலும் அதே முணுமுணுப்பு. எம்.ஜி.ஆர். மறைந்து அப்போது பத்து வருடம்கூட ஆகவில்லை. கலைஞர் முதலமைச்சராக இருந்தார். முந்தைய வருடம்தான் ஜெயலலிதா ஆட்சியை இழந்திருந்தார். படத்தின் பாத்திரங்களுக்கு நிஜத்தில் யார் என்று பொருத்திப் பார்ப்பதே அன்று படம் பார்ப்பதாக இருந்தது. பொருந்தாத இடம் வந்தால் “இப்படி நடக்கலையே” என்று அப்பாவுக்குக் கோபம் வந்தது. பொருந்திய இடத்தில் “இதைக் காட்டலாமா” என்று கோபம் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பிடிக்காமல் போக ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும்? எம்.ஜி.ஆர். சாயலில் மோகன்லாலை ஏற்க முடியாதவர்கள் பலர். படம் வசூலில் தோற்றது. தேசிய விருது இரண்டு வந்தன, பிரகாஷ்ராஜுக்கும் சந்தோஷ் சிவனுக்கும். தமிழ்நாட்டுத் தெருக்களில் அதற்குச் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மூன்று விதமாகப் புரிந்துகொள்கிறேன். காலம் போகப் போக முகம் பொருத்தும் வேலை தேவையற்றுப் போனது. 1987-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். ஒரு சிலை, ஒரு பேருந்து நிலையத்தின் பெயர். அவர்கள் மோகன்லாலின் ஆனந்தனையும் பிரகாஷ்ராஜின் தமிழ்ச்செல்வனையும் இரண்டு மனிதர்களாகவே பார்த்தார்கள். ஒருவனுக்குச் சொல் வாய்த்தது, இன்னொருவனுக்கு முகம் வாய்த்தது; ஒருவரில்லாமல் ஒருவர் உயர முடியாது, உயர்ந்த பிறகு சேர்ந்து நிற்கவும் முடியாது. எங்கள் அப்பாக்களுக்குக் கிடைக்காத படம் இது.

இன்னொன்று, தொலைக்காட்சியும் பிறகு குறுந்தட்டும். தியேட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போவதற்கான படமாக அது எடுக்கப்படவில்லை. வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் நகரும் காட்சிகள் அதில் ஏராளம். கேமரா ஒரு அறைக்குள் நுழைந்து ஆட்களைச் சுற்றி வந்து, ஒருவர் இன்னொருவரைவிட்டு விலகும்போது தானும் விலகும். முதல் தடவை கதை ஓடும், இரண்டாவது தடவைதான் கேமரா ஓடுவது தெரியும். பிரிவைப் பற்றிய படத்தை வெட்டாமல் எடுத்திருக்கிறார் என்பது எனக்கு ஐந்தாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது. “நறுமுகையே” பாட்டும் இப்படித்தான். 1997-ல் அது நல்ல மெலடி. பாரி மகளிரின் “அற்றைத் திங்கள்” புறநானூற்றிலிருந்தும், “யாயும் ஞாயும்” குறுந்தொகையிலிருந்தும் எழுந்து வந்து அந்தப் பாட்டில் உட்கார்ந்திருப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தபிறகு திரும்பக் கேட்ட பிள்ளைகளுக்கு அது வேறு பாட்டு. தமிழை மூலதனமாக வைத்து எழுந்த ஓர் இயக்கத்தைப் பற்றிய படத்தில் சங்க வரிகள் ஒரு சினிமா டூயட்டாக வருவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது காரணம் நம் விவாதங்களேதான். ‘நாயகன்’ என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் ஒருவன் எழுந்து ‘இருவர்’ என்பான். ஏன் என்று கேட்பார்கள். அவன் காரணம் சொல்லியாக வேண்டும். ‘நாயகன்’ என்று சொன்னவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. இப்படி இருபது வருடம் காரணம் சொல்லிச் சொல்லியே அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு தடித்துவிட்டது. ‘நாயகன்’ பற்றிய பேச்சு “தெரியலப்பா”வோடு நின்றுவிட்டது. இரண்டையும் நேசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு. பம்பாய் தாராவியைச் சென்னையில் அரங்கம் போட்டு எழுப்பிய தோட்டா தரணியின் வேலையைப் பற்றி மட்டுமே ஓர் இரவு பேசலாம். பேசுவாரில்லை.

ஏறியவை இருந்தால் இறங்கியவையும் இருக்க வேண்டுமே. ‘ரோஜா’ இறங்கியிருக்கிறது. 1992-ல் அதைப் பார்த்துக் கைதட்டாதவர் குறைவு. எரியும் தேசியக் கொடியின் மேல் அரவிந்த்சாமி விழுந்து அணைக்கும் காட்சியில் தியேட்டர் எழுந்து நின்றது. இன்று அதே காட்சியைப் பார்க்கும் இளையவர்கள், காஷ்மீர்க்காரன் பக்கத்துக் குரல் எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பம்பாய்’ மீதும் இப்படியான கேள்விகள் உண்டு. ஆனாலும் அந்தப் படத்துக்காக 1995-ல் இயக்குநரின் வீட்டில் குண்டு வீசப்பட்டது, அவர் காயப்பட்டார் என்பதை நினைக்கும்போது அதன் துணிச்சலை எண்ணாமல் ரேங்க் போட எனக்குக் கை வராது.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ விஷயம் இன்னும் நுட்பமானது. ஆறு தேசிய விருதுகள் பெற்ற படம். தமிழ்நாட்டுப் பட்டியல்களில் முதல் ஐந்துக்குள் தவறாமல் இருக்கும். ஈழத் தமிழ் நண்பர்களோடு பேசும்போது அந்த இடம் நிலைப்பதில்லை. அவர்களில் சிலருக்கு, தங்கள் போர் ஒரு சென்னைக் குடும்பத்தின் கதைக்குப் பின்திரையாக வந்து போகிறது என்ற ஆதங்கம் இருக்கிறது. வேறு சிலர், பெரிய திரையில் எங்கள் அகதிப் படகை முதன்முதலாகக் கண்டது அதில்தான் என்று சொல்லி அழுவார்கள். கடைசியில் மழையில் அமுதா தன்னைப் பெற்றவளிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே நிற்கும் காட்சி வரும்போது இரண்டு தரப்பும் அமைதியாகிவிடும். அதை எத்தனையாவது இடத்தில் வைப்பது என்று அவர்களுக்கு முன்னால் நான் வாய் திறப்பதில்லை.

பிந்தைய படங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘ஓ காதல் கண்மணி’க்கு ஒரு தலைமுறை இருக்கிறது. ‘காற்று வெளியிடை’க்குச் சிறிய, பிடிவாதமான ஒரு கூட்டம் இருக்கிறது, பாரதி வரியைத் தலைப்பாகக் கொண்ட அந்தப் படத்தின் நாயகன் ஏன் அப்படி நோகடிக்கிறான் என்பதை அவர்கள் அளவுக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ‘ராவணன்’ என்று வந்தால் தமிழில் பார்த்தவர்கள் ஒரு படி மேலே வைப்பார்கள். விக்ரம் இங்கே வீரய்யா, இந்தியில் போலீஸ்காரர். ஒரே கதையை எந்த மொழியில் பார்த்தோம் என்பது ரேங்கை மாற்றிவிடுகிறது. ‘நாயகன்’ வந்து 38 வருடம் கழித்துக் கமலும் மணிரத்னமும் சேர்ந்த ‘தக் லைஃப்’ எதிர்பார்ப்பை எட்டவில்லை. அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்த எல்லோரும் தங்கள் பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். புதுப் படம் ஒன்றின் ஏமாற்றம் பழைய படங்களை ஒவ்வொரு படி மேலே தள்ளுகிறது.

அக்கா மகள் 2004-ல் பிறந்தவள். போன வருடம் தீபாவளிக்கு வந்திருந்தபோது விடுதித் தாளை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். “இருவர் பதினொண்ணா? என்ன மாமா இது!” அவள் பட்டியலில் அது ஒன்று. ‘தளபதி’ ஆறு. ஆறு என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. கோவில் காட்சியிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் வாதாடினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள்:

“அந்த மொட்டை மாடி சீன் இருக்குல்ல மாமா, கீழ அவ்வளவு கூட்டமும் ஆனந்தனைப் பாத்துக் கத்துமே. அப்ப தமிழ்ச்செல்வன் மூஞ்சிய பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அவள் தூங்கப் போனபிறகு படத்தைப் போட்டு அந்த இடத்துக்கு ஓட்டினேன். தன் பலம் இவ்வளவா என்று கண்டுபிடிக்கும் ஆனந்தனைத்தான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதன்முறையாகப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.